ஜன்னல் ஆணியில் தொங்கும் போன்

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. வளைகுடாவில், குதைபியாவில் நான் தைக்கும் கடை பூட்டியிருந்தது. காலையிலிருந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இலங்கைக்கு போன் அடித்துக்கொண்டிருந்தேன். மலையில் எங்கள் ஊரில் விடாத மழை, மண் சரியலாம், மேட்டில் இருப்பவர்கள் உடனே இறங்கவேண்டும் என்று முதல் நாளே செய்தி வந்திருந்தது. மேட்டில்தான் எங்கள் லயம். தேயிலைத் தோட்டக்காரர்கள் வரிசையாகக் கட்டிவைத்த ஒற்றை அறை வீடுகள். அதில் ஒன்றில் என் அம்மாவும் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகளும் இருக்கிறார்கள். மணி போனது. யாரும் எடுக்கவில்லை.

அறையில் என்னோடு இருப்பவர் கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த நர்ஸ் அக்கா. நைட் டியூட்டி முடித்து வந்தவர், என்னால் தூங்காமல் இருந்தார்.

"மக்ளே, அந்த போன கொஞ்சம் கீழ வையி. ஒனக்க ஊரு எப்படி இருக்கும்னு சொல்லு. நான் கடக்கரைக்காரி, மலைமேல மனுசரு எப்படி குடியிருக்காவன்னு எனக்கு தெரியாது."

பேச்சுக் கொடுத்து என்னைத் திருப்பப் பார்க்கிறார் என்று தெரிந்தது. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

சொல்ல என்ன இருக்கிறது? இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரே ஒரு கடைத்தெரு. பஸ் நிலையத்தில் பஸ் திரும்ப இடம் போதாது. கண்டக்டர் இறங்கி விசில் ஊதிப் பின்னால் எடுக்கவைப்பார், அதுவரை ஊரே காத்து நிற்கும். கோவில், விகாரை, பள்ளிவாசல், மாதா கோவில் எல்லாம் கூப்பிடு தூரத்தில். சந்தையில் கோவா, லீக்ஸ் என்று மலைக்காய்கறி மூட்டை மூட்டையாகக் கிடக்கும். ஊரின் அளவுக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய நகரசபைக் கட்டடம். அதற்குள் ஒரு நூலகம். அங்கே பேப்பர் படிக்கிறவர்களில் பாதிப்பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். ஒரு வாரம் மழை இல்லாவிட்டால் நூலகர் தனியாக உட்கார்ந்து கொட்டாவி விடுவார்.

அந்த நகரசபை ஊரைப் பாலம் வரைக்கும்தான் பார்க்கும். தெருவிளக்கு பாலத்தோடு சரி. குப்பை லொறி பாலத்தில் திரும்பிவிடும். அதற்கு மேலே தோட்டம், தோட்டத்து மானேஜர் துரையைக் கேளுங்கள் என்பார்கள். துரையைக் கேட்டால் சபையைக் கேள் என்பார். இரண்டு பேருக்கும் வேண்டாதவர்களாக நாங்கள் மேலே இருப்போம்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு அது உறைத்தது. இறங்கச் சொல்லி மைக் கட்டி வருவதும் நகரசபை வண்டிதான். அதுவும் பாலத்தில் திரும்பியிருந்தால் மேலே யாருக்கும் ஒன்றும் கேட்டிருக்காது.

"போன் அடிக்குதுல்லா? அடிச்சா வீடு நிக்குதுன்னுதானே அர்த்தம்?" என்றார் அக்கா.

அது உண்மைதான். எங்கள் வீட்டில் பின்பக்க ஜன்னலில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே ஓர் ஆணி அடித்து, பாண் ரொட்டி வாங்கிய பொலித்தீன் பைக்குள் பட்டன் போனைப் போட்டு அம்மா தொங்கவிட்டிருக்கிறார். லயத்தில் எல்லார் வீட்டிலும் இப்படி ஓர் ஆணி உண்டு. பேசவேண்டுமென்றால் ஜன்னலடியில் அசையாமல் நிற்கவேண்டும். கொஞ்சம் நகர்ந்தாலும் குரல் அறுந்துவிடும். என் மகள் பேசப் பழகியதிலிருந்து அங்கே நின்றுதான் என்னோடு பேசுகிறாள்.

அதன் பிறகு சுவர் நிற்கிறதா என்று பார்க்கவே அடித்தேன். டீ போட்டுவிட்டு அடித்தேன். துணி காயப்போட மாடிக்குப் போய் அங்கிருந்து அடித்தேன். வீடு நிற்கிறது என்றால் அவர்கள் ஏன் எடுக்கவில்லை என்று அக்காவிடம் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேன்.

மதியம் மணி போகவில்லை. அந்த இலக்கத்தோடு தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண் சிங்களத்திலும் தமிழிலும் இங்கிலீசிலும் சொன்னாள். ஒரு மொழியில் சொன்னால் போதாதா என்று அவள்மேல் ஆத்திரம் வந்தது. சுவர் போய்விட்டது என்று வாய்விட்டுச் சொன்னேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு மாதாவே மாதாவே என்றார். நானும் எங்கள் மாரியம்மனை அப்படியே விட்டுவிட்டு அவரோடு சேர்ந்து மாதாவைக் கூப்பிட்டேன்.

எவ்வளவு நேரம் போனதோ, என் போன் அடித்தது. திரையில் 'வீடு' என்று இருந்தது.

"ஏன்டி இப்புடி விடாம அடிச்ச? பேட்டரியெல்லாம் எறங்கிப்போச்சு," என்றார் அம்மா.

அந்தத் திட்டைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"டவுன் பள்ளிக்கூடத்துல. நேத்தே எறங்கிட்டோம். சபை வண்டி மைக்க கட்டிக்கிட்டு வந்துச்சு."

"பாலத்துக்கு மேலயா?"

"மேலதான்டி. கோயிலு வரைக்கும் வந்துச்சு. பின்னாடியே குப்ப லொறியும் வந்துச்சு. அதுலதான் எங்கள ஏத்திக்கிட்டு வந்தாங்க."

"போன ஏன் எடுத்துட்டுப் போகல?"

"அது ஜன்னல்ல இருந்துச்சு," என்றார் அம்மா. ஜன்னலைக் கழற்றிக்கொண்டா வரமுடியும் என்கிற தொனி. அடையாள அட்டை, மகளின் புத்தகப் பை, தேத்தூள் டின், முட்டையிடும் கோழி, எல்லாம் எடுத்திருக்கிறார். லயத்தில் ஒருவர்கூட ஆணியிலிருந்து போனைக் கழற்றவில்லையாம். என் இலக்கமோ அம்மாவுக்கு மனப்பாடமில்லை. மாட்டுக்குப் புல் போட மேலே ஏறிய பக்கத்து வீட்டு மாமாதான் மணிச்சத்தம் கேட்டு, ஜன்னல் வழியே கையை விட்டு எடுத்து வந்திருக்கிறார். வரும் வழியிலேயே அது அணைந்துவிட, சபை ஜெனரேட்டரில் சார்ஜ் போட்டிருக்கிறார்கள். வாழ்நாளில் முதல்முறையாக நகரசபைக்கு நன்றி சொன்னேன், கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

மகள் போனைப் பிடுங்கினாள். "அம்மா, இங்க எங்க நின்னாலும் கேக்குது. நான் நடந்துக்கிட்டே பேசுறேன்."

அவள் செருப்புச் சத்தம் கேட்டது. பள்ளி வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடி, லொறி நாற்றத்தையும், கோழி யார் தலையில் ஏறியது என்பதையும் மூச்சு வாங்கச் சொன்னாள். போனில் அவள் நடக்கும் சத்தத்தை அதுவரை நான் கேட்டதே இல்லை. மழை விட்டதா என்று கேட்கக்கூட மறந்து, இன்னும் கொஞ்ச நேரம் நட என்றேன்.