சேலையில் ஒட்டி வந்த பூ

செண்பகத்தோப்பு வனத்துறைச் சாவடியைத் தாண்ட எனக்கு அனுமதி இல்லை. நான் தேடி வந்த மலைப்புல்லோ எதிர்ச்சரிவில் பூத்து, காற்றில் செம்பழுப்பாய்ச் சாய்ந்து எழுகிறது. பூவைப் பார்க்காமல் அது எந்தப் புல் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

புல்லுக்கட்டோடு இறங்கிவரும் அக்காவை ஓடிப்போய் மறிக்கிறேன். கட்டு முழுக்க வெறும் தண்டும் இலையும்தான்.

"பூவெல்லாம் எங்கக்கா?"

"மேலேயே அறுத்துப் போட்டுட்டு வாரேன். மாட்டு வாயில குத்தும்லா? எம் மாடுகூடப் புல்லை இம்புட்டு ஆசையாப் பார்க்காது தம்பி!"

சிரித்துக்கொண்டே, சேலை ஓரத்தில் குத்தியிருந்த ஒன்றைப் பிடுங்கித் தருகிறாள். லென்சில் பார்க்கிறேன். முறுக்கிய கூர், அடியில் பழுப்பு மயிர். அதேதான்!

நாளைக்கு இந்நேரம் அவள் அந்தப் பூக்களுக்குள் இடுப்பளவு நிற்பாள். நான் ராஜபாளையம் பஸ்ஸில் இருப்பேன்.