சீட்டில் பெயர் இல்லாத ஆறு கட்டுகள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதத்தில் நடந்தது இது. திருவண்ணாமலையில், வேங்கிக்காலைத் தாண்டிப் போகும் சாலையில் இருக்கும் ஒரு காலணித் தொழிற்சாலையில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். கிடைத்தது மனிதவளப் பிரிவில் வேலை. வருகைப் பதிவு, விடுப்பு எல்லாம் நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறிக்கொண்டிருந்ததால் அங்கேயும் என்னைப் போன்ற ஒருத்தி தேவைப்பட்டாள்.

சேர்ந்த மூன்றாவது மாதம் மேனேஜர் கூப்பிட்டார். எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டு நிறுவனம் ஓர் அறிக்கை கேட்டிருந்தது. தொழிலாளர்கள் நலமாக இருக்கிறார்களா, எந்தெந்த ஊரிலிருந்து, எந்தெந்த வயதில் வருகிறார்கள், அவர்களை நாங்கள் எப்படி நடத்துகிறோம் என்று ஆய்வு செய்து அனுப்ப வேண்டும். "இந்த டேபிள், சார்ட்டெல்லாம் உனக்குதாம்மா நல்லா வருது, நீயே பண்ணிடு" என்றார்.

எனக்கு ஒரே குஷி. காய்கறிக் கடைக்குப் போனாலும் பட்டியல் எழுதிக்கொண்டு போகிறவள் நான். இருபத்திரண்டு கேள்விகள் தயாரித்தேன். வேலை நேரம், ஓய்வு, குடிநீர், கழிவறை, வேன் வசதி, சூப்பர்வைசர் நடத்தும் விதம் என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள். கடைசியில் 'வேறு ஏதாவது சொல்ல விரும்பினால்' என்று நான்கு கோடுகள். பெயர் எழுத வேண்டாம். வயது, ஊர், எந்த லைன் என்பது மட்டும் போதும். லைன் என்றால், ஒரே வகை வேலை செய்பவர்கள் வரிசையாக உட்காரும் மெஷின் வரிசை. லைனுக்கு ஒரு சூப்பர்வைசர்.

டீ இடைவேளையில் கேன்டீனில் உட்கார்ந்து தாள்களைக் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் கட்டாகத் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் முதல் கட்டத்தில், மேலிருந்து கீழ்வரை, ஒரே நேர்கோட்டில் டிக்.

"கேன்டீன் சாம்பாருக்குமா 'மிகவும் திருப்தி'?" என்று ஒருவரிடம் கேட்டேன்.

"ஐயய்யோ, கை தவறி பட்டுடுச்சு மேடம், ரப்பர் இருந்தா குடுங்க" என்றார். மேஜையே சிரித்தது.

அந்தச் சிரிப்பில் ஒருவர் மட்டும் சேரவில்லை. தையல் லைனில் பயிற்சியில் இருந்தவர். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அடி அண்ணாமலையிலிருந்து வருபவர். கேள்விகளை நிதானமாகப் படித்து, கட்டத்துக்குக் கட்டம் யோசித்து டிக் போட்டிருந்தார். கடைசி நான்கு கோடுகளில் பேனா நின்றுவிட்டது.

"இத யாரு படிப்பாங்க?"

"நான்தாங்க்கா படிப்பேன். அப்புறம் மொத்தமா ரிப்போர்ட் போடுவேன்."

"எம் பேரு வராதில்ல? எனக்கு இன்னும் பர்மனன்ட் ஆவல. இந்த மாசம்தான் லிஸ்ட் போடறாங்க."

ஆறு மாதப் பயிற்சி முடிந்ததும் யாரை நிரந்தரமாக்கலாம் என்று அந்தந்த லைன் சூப்பர்வைசர்தான் எழுதிக் கொடுப்பார். அது எனக்கும் தெரியும். "சத்தியமா வராதுக்கா. தைரியமா எழுதுங்க" என்றேன். அவர் இடது கையால் தாளை மறைத்துக்கொண்டு எழுதினார்.

அறைக்கு வந்து படித்தேன். இப்படி இருந்தது: "பௌர்ணமி சமயத்துல எங்க ஊருக்கு வேன் வராது. கிரிவலம் போற ஜனத்துக்கு நடுவுல பூந்து நடந்து வந்து பஸ் புடிக்கறேன். லேட் ஆயிடுது. லேட்டானா எல்லார் எதிர்லயும் நிக்க வெச்சி 'என்னா, மலைய சுத்திட்டு பொறுமையா வரியா'னு கேக்கறாங்க. எல்லாரும் சிரிக்கறாங்க. அன்னைக்கு பூரா தையல் கோணலா போவுது."

இருநூறுக்கும் மேற்பட்ட தாள்களில் உண்மையான வாக்கியம் அது ஒன்றுதான் என்று தோன்றியது. அறிக்கையில் அதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கினேன். இடது பக்கம் லைன் வாரியாக, ஊர் வாரியாக அட்டவணை. வலது பக்கம் அவர் எழுதியது, ஓர் எழுத்து மாறாமல், மேற்கோள் குறிக்குள். இருந்ததிலேயே அழகான பக்கம் அதுதான். பெயர் எங்கேயும் இல்லை. இரண்டு முறை சரிபார்த்தேன்.

அடுத்த வாரம் கூட்டம். மேனேஜரும் நான்கு லைன் சூப்பர்வைசர்களும் உட்கார்ந்திருந்தார்கள். தையல் லைன் சூப்பர்வைசர் நாற்பதைத் தாண்டிய பெண். பத்தாவது வரை படித்துவிட்டு, இதே தொழிற்சாலையில் மெஷினில் உட்கார்ந்து தைத்து மேலே வந்தவர். முப்பது மெஷின் ஓடும்போதும் அவர் குரல் தனியாகக் கேட்கும். அவரைக் கண்டால் லைனில் எல்லோருக்கும் பயம். எனக்கும்தான்.

அந்தப் பக்கம் திரையில் வந்ததும் தோல் வெட்டும் லைன் சூப்பர்வைசர் சத்தமாகச் சிரித்தார். "மலைய சுத்திட்டு பொறுமையா வரியாவா? இது நம்ம அக்கா டயலாக் ஆச்சே!" மற்றவர்களும் சிரித்தார்கள். அவர் விடவில்லை. "தையல் லைன், அடி அண்ணாமலை, ஒண்ணுனு வேற போட்டிருக்கு. அங்கேருந்து ஒருத்தங்கதானே வராங்க? அந்தப் புதுசா சேந்தவங்க?"

பெயரை எடுத்துவிட்டால் ஆளும் மறைந்துவிடுவார் என்று நினைத்திருக்கிறேன். ஒரே ஓர் ஆள் இருக்கும் வரிசையை அட்டவணையில் போடுவதும், பெயரைப் போடுவதும் ஒன்றுதான் என்று கல்லூரியில் தேர்வே எழுதியிருக்கிறேன். அழகுக்காக அதை மறந்துவிட்டேன்.

தையல் லைன் சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் முடியும்போது மேனேஜர் அவரிடம் சொன்னார்: "பயிற்சியில இருக்கற ஆறு பேர் லிஸ்ட்ட நாளைக்கி மதியத்துக்குள்ள குடுத்துடுங்கம்மா."

மதியம் முதலில் அடி அண்ணாமலை அக்காவிடம்தான் போனேன். குழாயடியில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். குழாயை மூடினார்.

"சத்தியம்னு சொன்னீங்களே மேடம்."

டப்பாவில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொட்டினார்.

"பர்மனன்ட் ஆயிடும்னு வீட்ல சொல்லி வெச்சிட்டேன்" என்றார். என்னிடம் சொன்னது மாதிரியே இல்லை. டப்பாவை உதறி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என்ன செய்யலாம் என்று வழக்கம்போல் பட்டியல் போட்டுப் பார்த்தேன். மேனேஜரிடம் சொல்லலாம். அறிக்கையைத் திருத்தலாம். வேலையை விட்டுவிடலாம். எதைச் செய்தாலும் சூப்பர்வைசருக்குத் தெரிந்தது தெரியாமல் போகாது. கடைசியில் நேராக அவரிடமே போனேன். லைன் ஓரத்தில் யாரோ தப்பாகத் தைத்ததைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, தப்பு என்னுது. அந்தப் பக்கத்த நான் அப்படிப் போட்டிருக்கக் கூடாது. தயவுசெஞ்சு அவங்க மேல..."

"நான் அவள என்னா பண்ணிடுவேன்னு ஓடியாந்த?"

அவர் நூலைப் பிரிப்பதை நிறுத்தவில்லை.

"அவ எழுதினது பொய் இல்ல. கேட்டேன். நாந்தான் கேட்டேன். ஆனா காலையிலேருந்து கோவமா வருது. இப்ப போயி அவ தச்சத கையில எடுத்தா, கோணல் மட்டும்தான் எங்கண்ணுல படும். இல்லாத கோணலும் படும்." தோலைக் கீழே வைத்தார். "இந்தத் தடவ நான் யாருக்கும் மார்க் போடல. வா எங்கூட."

மேனேஜர் அறைக்கு விறுவிறுவென்று நடந்தார். வெட்டும் லைன் சூப்பர்வைசர் இந்த ஆறு பேரின் தையலைப் பார்த்து மதிப்பெண் போடட்டும் என்றார். மேனேஜர் சிரித்தார். "அவருக்கு மட்டும் யாருனு தெரியாதாம்மா? அவர்தானே சபையில சொன்னாரு?"

"அதான் சார், சீட்ட கிழிச்சிட்டுக் குடுப்போம்."

ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துப் பத்துப் பத்தாகக் கட்டி வைப்பார்கள். ஒவ்வொரு கட்டிலும் தைத்தவர் பெயரும் எண்ணும் எழுதிய சீட்டு இருக்கும். அதைத்தான் சொன்னார்.

"பேரு தெரியாம பண்றேன்னு இந்தப் பொண்ணு பேப்பர்ல பண்ணுச்சி, சரியா வரல. நாம தோல்ல பண்ணிப் பாப்போம்."

"ரூல்ல இதெல்லாம் இல்லயேம்மா."

"வேணாம்னும் ரூல்ல இல்லயே சார்."

மேனேஜர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "சரி, பண்ணுங்க" என்றார்.

மறுநாள் காலை நான்தான் சீட்டுகளைக் கிழித்தேன். ஆறு கட்டுகளிலும் சாக்பீஸால் ஒன்று முதல் ஆறு வரை எழுதினேன். எந்த எண் யாருடையது என்ற தாளை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன். தையல் லைன் சூப்பர்வைசர் கூடத்தின் மறுகோடிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். ஏன் என்று கேட்டேன்.

"எந்தத் தையல் எவ கைனு எனக்கு ஒரு பார்வையில தெரிஞ்சிடும். பக்கத்துல நின்னா அவரு எம்மூஞ்சிய பாத்தே கண்டுபுடிச்சிடுவாரு. போ, போயி வேலைய பாரு."

வெட்டும் லைன் சூப்பர்வைசர் முதலில் கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். "என்னா இது, பரீட்ச பேப்பர் திருத்தற மாதிரி?" இரண்டாவது கட்டுக்கு வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. ஸ்கேல் வைத்துத் தையலை எண்ணினார். ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "நாலாம் நம்பர் யாருங்க? எங்க லைனுக்கு அனுப்பிடுங்க" என்றார். அரை மணி நேரத்தில் மதிப்பெண்கள் மேனேஜர் மேஜைக்கு வந்தன. அங்கேதான் எல்லோர் முன்னிலையிலும் என் தாளைப் பிரித்தேன்.

நாலாம் நம்பர், எல்லோரும் மந்தம் என்று நினைத்திருந்த ஒரு சின்னப் பெண். அடி அண்ணாமலை அக்கா மூன்றாவதாக வந்திருந்தார். 'நெருக்கம் போதாது, தையல் நேர்' என்று குறிப்பு. நிரந்தரம். ஆறு பேரில் ஒருவருக்கு மட்டும் இன்னும் ஒரு மாதப் பயிற்சி தேவை என்று எழுதியிருந்தது. பெயரைப் படித்ததும் எனக்கே சங்கடமாகிவிட்டது. அவள் தையல் லைன் சூப்பர்வைசரின் தெருப் பெண். அவரே அழைத்துவந்து சேர்த்துவிட்டவள்.

அவர் அந்தத் தாளை வாங்கி ஒருமுறை படித்தார். "அவ அம்மா மூஞ்சிய நான்தான் பாக்கணும்" என்று முணுமுணுத்தார். பிறகு, "பேனா குடு" என்று வாங்கி, ஆறு பெயருக்கும் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். ஒரு மதிப்பெண்ணைக்கூட மாற்றச் சொல்லவில்லை.

இதன்பிறகு அவரும் அடி அண்ணாமலை அக்காவும் சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள் என்று சொன்னால் பொய். இருவரும் வேலையைத் தவிர வேறு பேசி நான் பார்த்ததில்லை. கிரிவலப் பாதை ஊர்க்காரர்கள் பௌர்ணமி நாளில் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து, சாயங்காலம் அதை ஈடுகட்டலாம் என்ற ஏற்பாட்டைச் சூப்பர்வைசர்தான் மேனேஜரிடம் பேசி வாங்கினார். அதற்கே மூன்று மாதம் ஆனது. அந்த ஏற்பாட்டுக்கு முன்பே ஒரு பௌர்ணமிக் காலையில் அக்கா வியர்த்து வழிய ஓடிவந்ததை நான் பார்த்தேன். சூப்பர்வைசர் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா உட்காரும் மெஷினின் விளக்கைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்.

அக்கா என்னை மன்னித்தாரா என்று தெரியாது. நிரந்தர உத்தரவை நான் கொடுத்தபோது "சரிங்க மேடம்" என்று வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். அடுத்த வருட ஆய்வில் அந்தக் கடைசி நான்கு கோடுகளையும் காலியாக விட்டுத்தான் தாளை என்னிடம் நீட்டினார். அதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. இப்போதெல்லாம் பத்துப் பேருக்குக் குறைவான எந்த வரிசையையும் நான் அறிக்கையில் காட்டுவதில்லை. யார் எழுதியதையும் அப்படியே எடுத்துப் போடுவதும் இல்லை. அந்தத் தப்பு எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது.

ஆனால் நினைத்து நினைத்து வியப்பது வேறொன்றை. பாரபட்சமில்லாமல் மதிப்பிடுவது எப்படி என்று அதன்பிறகு எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் சொல்லித் தராமலே, தனக்குக் கோபம் இருக்கிறது என்று வாய்விட்டு ஒப்புக்கொண்டு, கையிலிருந்த அதிகாரத்தைத் தானே தள்ளி வைத்துவிட்டு முதுகைக் காட்டி நின்ற அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டுதான், இன்றும் ஒருவரின் பெயருக்கு எதிரே மதிப்பெண் எழுதுகிறேன். அப்படி நினைத்த பிறகு, எழுதாமலே பேனாவை மூடி வைத்த நாட்களும் உண்டு.