கான் ஓரத்துத் தத்துப்பூச்சி

நிரோஷினிக்குப் பூச்சி பிடிக்கத் தெரியும், பிடித்ததை ஊசியில் குத்தி வைக்கத் தெரியும். எங்கே பிடித்தாய் என்று கேட்டால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "கண்டி டவுன் பக்கம் மெடம்" என்று மழுப்புவாள். மஹய்யாவவில், மாநகரசபைத் துப்புரவுத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால், கழிவுநீர் ஓடும் கான் ஓரத்துப் புல்லில் என்று சொல்ல வாய் வராது. அவள் பிறந்து வளர்ந்த வரிசைவீட்டு லயம் அது.

அரிசிமணியை விடச் சின்னத் தத்துப்பூச்சி, முதுகில் மஞ்சள் கோடு. அந்தப் புல்லில் மட்டும்தான் கிடைத்தது. லீவுக்குப் போயிருந்தபோது, எல்லோரும் வேலைக்குப் போன பிறகு திருட்டுத்தனமாகப் பிடித்தது. "இது இதுவரைக்கும் யாரும் விவரிக்காத இனம் போலதான் இருக்கு" என்றார் அவளுடைய பேராசிரியை பஸ்லினா மெடம். ஆனால் கிடைத்ததெல்லாம் பெண் பூச்சி. கோட்டையும் நிறத்தையும் நம்பிப் பெயர் வைக்க முடியாது. ஆணின் பின்பக்கத்தைப் பிரித்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால்தான் புது இனமென்று அடித்துச் சொல்லலாம். ஓர் ஆணாவது வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வருட ஆராய்ச்சி அந்தரத்தில் தொங்கும்.

"சனிக்கிழமை நானும் வாறேன். அது இருக்கிற இடத்தப் பார்க்கணுமே" என்றார் மெடம். இனி மழுப்ப முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு இடத்தைச் சொன்னாள். மெடம் முகம் சுளிக்கவில்லை. இவளுக்குத்தான் காது மடல் சுட்டது.

அன்றே அம்மாவுக்குப் போன் எடுத்தாள். "கெம்பஸ்ல இருந்து மெடம் வாறாங்கம்மா. பின்பக்கமெல்லாம் பார்ப்பாங்க. நம்ம இடம் மனுசர் பார்க்குற மாதிரியா இருக்கு?"

பூச்சியைப் பற்றி மூச்சு விடவில்லை. படிக்கப் போனவள் கானில் பூச்சி பிடிக்கிறாளாம் என்று லயத்தில் சிரிப்பார்களே, அதற்கும் வெட்கம். அங்கேயும் வெட்கம், இங்கேயும் வெட்கம் என்றால் அம்மா அன்னலட்சுமி பாவம் என்னத்தைக் கண்டாள்? "நீ யோசிக்காத புள்ள, அப்பாகிட்ட சொல்றேன்" என்றாள்.

சனிக்கிழமை அப்பா வீரய்யா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்று வரவேற்றார். நிரோஷினி மெடமைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். புல் இல்லை. பேருக்கு ஒரு இணுக்குக்கூட இல்லை. கூட வேலை செய்கிறவர்களைக் கூட்டிவந்து, வேரோடு வெட்டி அள்ளி லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டு, கானுக்குக் குளோரினும் போட்டிருந்தார் மனுஷர். வாடை மூக்கில் ஏறியது.

வலையும் கையுமாக நின்ற மெடம், "இந்தப் புல்லு பக்கத்துல வேற எங்கயாவது இருக்கா?" என்று கேட்டார்.

"ஒரு இடத்துலயும் இல்லீங்க மெடம்." வீரய்யாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "மேல் லயத்துல இருந்து கீழ ரோட்டு வரைக்கும் வழிச்சாச்சு. நம்ம வேலையே அதுதானுங்களே. மகளுக்கு ஒரு தலைகுனிவு வந்துடக் கூடாதுல்ல."

மெடம் நிரோஷினி பக்கம் திரும்பினார். "நீங்க வீட்டுல சொல்லல்லையா?"

அவளுக்குத் தன் முகத்திலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது. புல் வெட்டிய அப்பாவின் கையில் கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது. அதைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

மகளின் முகம் வாடியதைக் கண்டு வீரய்யா கிட்டே வந்தார். மெடமுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"ஏன் புள்ள, இன்னும் எங்கயாச்சும் அசிங்கமா இருக்கா? சொல்லு, இப்பவே எடுத்துடுறேன்."