டிஷ் திருப்ப இரண்டு பேர்

சங்கரன்கோவிலில் கம்பி இழுக்காமல் இன்டர்நெட் கொடுக்கிற தொழில் எனக்கு. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு டிஷ். பனவடலிசத்திரத்தில் ஒரு பலசரக்குக் கடையின் மாடியில் நட்ட இரும்புக் கம்பத்தில் இன்னொரு டிஷ். இரண்டும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தால் அங்கே இருக்கிற வீடுகளுக்கு நெட் போகும். ஒன்று கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போகாது. விஷயம் அவ்வளவுதான். இதற்கு மேல் இதில் பெரிய விஞ்ஞானம் இருப்பதாக யாராவது சொன்னால் அவர் எதையோ விற்க வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

எங்களுக்கு எதிரி ஆனி, ஆடிக் காற்றுதான். மேற்கே மலை இடைவெளியில் நுழைந்து வந்து காற்றாலைக்காரர்களுக்குக் கொட்டிக் கொடுக்கும், என் வயிற்றெரிச்சலைக் கிளப்பும். போன ஆனியில் பனவடலி டிஷ்ஷின் பிடி தளர்ந்து, டிஷ்ஷும் ஒரு பக்கம் நெளிந்துவிட்டது. நெட் அறவே நிற்கவில்லை, ஆனால் நொண்டியது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. "அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரவுக துபாய்ல இருந்து கூப்பிடுதாவ, மூஞ்சி பாதிதான் தெரியுது" என்றது ஒரு வீடு. பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். ஒரு ஊர்ப் பேச்செல்லாம் என் மாடி வழியாகத்தான் போகிறது, வருகிறது. அந்த மாடிக்குக் கீழே இருக்கிற வீட்டில் நாள் முழுக்கப் பேசுவது டிவி மட்டும்தான்.

என் மனைவி சென்னையில் இருக்கிறாள். சண்டை ஒன்றும் இல்லை. மகளின் பிரசவத்துக்குப் போனாள். பிள்ளைக்குத் தலை நிற்கட்டும் என்றாள், நடக்கட்டும் என்றாள், பள்ளிக்கூடத்தில் சேர்க்கட்டும் என்றாள். அதற்குள் இரண்டாவது பிள்ளை வந்துவிட்டது. மகளும் மாப்பிள்ளையும் காலையில் லேப்டாப்போடு போனால் இருட்டிய பிறகுதான் வருகிறார்கள். யார்மேல் கோபப்படுவது? நானும் போய் இருந்து பார்த்தேன். பதினோராவது மாடியில், சோபாவின் ஓரத்தில், யாருடைய வழியிலும் படாமல் உட்கார்ந்திருப்பது எப்படி என்று கற்றுக்கொண்டேன். அதற்குள் இங்கே காற்று வீட்டு மாடி டிஷ்ஷைத் திருப்பிவிட்டது. ஓடி வந்துவிட்டேன். காற்றுக்கு நன்றி சொன்னேனா, வைதேனா, இப்போது நினைவில்லை.

எனக்குத் தனியாக இருக்கத் தெரியவில்லை. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்று இன்னும் கை பழகவில்லை. ராத்திரிக்குப் புரோட்டா வாங்கப் போனால், "வழக்கம்போல ரெண்டுதான அண்ணாச்சி?" என்று கடைக்காரர் கேட்கிற அந்த 'வழக்கம்போல'வைக் கேட்டால் சுருக்கென்கிறது. வீட்டு ரவுட்டரைத் திறந்து பார்த்தால் எத்தனை கருவி அதில் இணைந்திருக்கிறது என்று காட்டும். முன்பெல்லாம் அவள் போன், மகள் லேப்டாப், என்னுடையது, வந்து போகிற சொந்தக்காரர்களுடையது என்று நீளும். பிறகு ஒன்று என்று காட்ட ஆரம்பித்தது. ஒருநாள் அலமாரியிலிருந்து அவளுடைய பழைய போனை எடுத்து, சார்ஜில் போட்டு, உயிர் கொடுத்து வைத்தேன். இப்போது இரண்டு என்று காட்டுகிறது. பைத்தியக்காரத்தனம்தான், தெரியும்.

டிஷ் திருப்புகிற வேலை எப்படி நடக்கும் என்று சொல்ல வேண்டும். கம்பத்தின் மேலே ஏறியவனுக்கு இரண்டு கையும் டிஷ்ஷிலும் ஸ்பேனரிலும் இருக்கும். சிக்னல் எவ்வளவு வருகிறது என்று அவனால் பார்க்க முடியாது. இன்னொருவர் திரையைப் பார்த்து நம்பர் சொல்ல வேண்டும். அந்த நம்பர் மைனஸில் இருக்கும் என்பதால் குறையக் குறைய நல்லது. அறுபதைத் தொட்டால் கொண்டாடலாம். எழுபத்தைந்து என்றால் இழுத்துப் பறித்து ஓடும். எண்பத்தெட்டைத் தாண்டினால் அறுந்துபோகும்.

எனக்கு நம்பர் சொன்னது அவள்தான். எங்கள் வீட்டு மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, போனில். "எழுவத்தி ஒண்ணு... அறுவத்தொம்பது... கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... தாண்டிட்டிய, திரும்புங்க." நம்பர் நல்லதாக ஆக ஆக அவள் குரல் தணிந்துகொண்டே வரும், தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் பேசுவதுபோல. நடுவில் ஒரு போலி உச்சம் வரும். நன்றாக இருப்பதுபோலத் தோன்றும், அங்கேயே முறுக்கிவிடத் தோன்றும். "இது அது இல்ல. இன்னும் திருப்புங்க" என்பாள். கடைசியில் போல்ட்டை முறுக்கும்போதுதான் பெரிய பாடு. ஒவ்வொரு முறுக்குக்கும் டிஷ் மயிரிழை நகரும். அதனால் கடைசி போல்ட் இறுகும் வரைக்கும் அவள் நம்பரைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த நம்பர் வீட்டுப் பேச்சுக்குள்ளும் புகுந்துவிட்டது. என் அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தால், "எம்பதைத் தாண்டிட்டு, பாத்துப் பேசுங்க" என்று சமையல்கட்டிலிருந்து கிசுகிசுப்பாள். தலைவலி என்றால் எவ்வளவு என்று கேட்பேன். "எழுவத்தி ரெண்டு. டீ போட்டுக் குடுத்தா அறுவத்தஞ்சு" என்பாள். அவள் சென்னை போன பிறகும் போனில் கேட்பாள், "எவ்வளவு?" என்று. நான் எப்போதும் "அறுவது" என்பேன். வேறு என்ன சொல்வது? பின்னால் பிள்ளை அழுகிற சத்தம் கேட்கும், குக்கர் விசில் கேட்கும். அறுபது என்றால் அவளும் நிம்மதியாக வைத்துவிடுவாள்.

நெளிந்த டிஷ்ஷுக்குப் பதில் புதிது வாங்க வேண்டும் என்று மதுரையிலிருந்து விற்பனைக்காரப் பையன் ஒருவனை வரச் சொன்னேன். டை கட்டிய பையன். சின்னதாக, சிக்னல் அனுப்பி வாங்குகிற ஒரு ரேடியோவை எடுத்து மேஜைமேல் வைத்தான். டிஷ்ஷும் ரேடியோவும் ஒன்றாகச் சேர்ந்தது, பார்வை அகலமானது, காற்றில் கொஞ்சம் ஆடினாலும் பாதகம் இல்லை. "இதுல ஆளே வேணாம்ணே. போனைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு நீங்களே ஏறித் திருப்பலாம். சிக்னல் ஏற ஏறக் கீக்கீன்னு சத்தம் வேகமா வரும். தனியாளா இருக்கவங்களுக்குன்னே செஞ்சதுண்ணே."

அவன் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுர்ரென்று வந்தது. என்னைப் பார்த்தால் தனியாள் என்று நெற்றியில் எழுதியிருக்கிறதா? பெரிய டிஷ் இருக்கிறதா என்று கேட்டேன். முழுத் தகடு, ஊசிப் பார்வை. எதிரில் இருக்கிற ஒன்றைத் தவிர வேறு எதையும் பார்க்காதது.

"அது காத்துக்கு ஆகாதுண்ணே. ஒருத்தரால திருப்பவும் முடியாது."

"அகலமா பாக்கிறது எல்லாச் சத்தத்தையும் வாங்கும்பா. இப்ப மாடிக்கு மாடி கேமராக்காரன் ரேடியோ, காத்தாலைக்காரன் ரேடியோ, அடுத்த கம்பெனிக்காரன் ரேடியோ. அத்தனை பேரும் ஒரே நேரத்துல கத்துதானுவ. ஊசிப் பார்வைதான் எனக்குச் சரி."

நான் சொன்ன காரணம் சரியான காரணம். கணக்குப் போட்டுக் காட்டச் சொன்னாலும் காட்டுவேன். ஆனால் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதுவல்ல. ஒருவரால் திருப்ப முடியாது என்று அவன் சொன்ன நிமிஷமே அதுதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆடித்தபசுக்கு வருகிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள். தபசுக்கு ஊரே உறவுக்காரர்களால் நிறைந்திருந்தது. அன்று காலையில் போன் வந்தது, சின்னவனுக்குக் காய்ச்சல், வர முடியாது என்று. எங்கள் ஊரில் சாமியைப் பார்க்கத் தபசு இருப்பது அம்மன். மாலையில் அம்மனுக்குச் சாமி காட்சி கொடுத்துவிட்டார். நான் கூட்டத்தில் நின்று கும்பிட்டுவிட்டு, என் தபசை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

ஆவணியில் காற்று அடங்கியது. இரண்டு முனைக்கும் ஜோடியாக டிஷ்கள் வந்து இறங்கின. வீட்டு மாடியில் இருந்ததை நானே மாற்றி, பனவடலிப் பக்கம் பார்க்க வைத்து முறுக்கிவிட்டேன். அது தெரிந்த திசை, பழைய கம்பம், பெரிய கஷ்டம் இல்லை. பனவடலிக் கம்பத்தில் புது டிஷ்ஷை ஏற்றி மாட்டவும் செய்துவிட்டேன். இனி திருப்புவதுதான் பாக்கி. அவளைக் கூப்பிட்டேன்.

"புது டிஷ் வந்திருக்கு. ஊசி மாதிரிப் பாக்கிற டிஷ். நீ வந்து நம்பர் சொன்னாத்தான் ஆகும். ஒரு நாலு நாள் வந்துட்டுப் போயேன்."

அவள் பிள்ளைக்கு ஏதோ ஊட்டிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

"அதை இங்கன இருந்தே பாக்கலாம்லா? குத்தாலத்துக்குப் போனப்ப பஸ்ல உக்காந்து பாத்தேனே. வீட்டுப் பக்கம் நெட்டு இருக்குல்லா? பாஸ்வேர்டு பழசுதான?"

நான் மறந்தே போயிருந்தேன், அல்லது மறந்திருக்க விரும்பினேன். சாரல் சமயத்தில் இரண்டு பேரும் குற்றாலம் போனபோது, அவள் போனிலிருந்து வீட்டு ரேடியோ நம்பர் காட்டுகிற பக்கத்தைத் திறந்து பார்க்க நான்தான் வழி செய்து கொடுத்தேன். நனைந்த தலையோடு பஸ்ஸில் உட்கார்ந்து, "எல்லாம் அறுவதுலதான் இருக்கு, நிம்மதியா இருங்க" என்றாள். இப்போது சென்னையிலிருந்து பார்ப்பதில் என்ன கஷ்டம்? பெரிய டிஷ்ஷை வாங்கி வைத்துக்கொண்டு நான் தோற்றுப்போனேன்.

"பழசுதான்" என்றேன்.

மறுநாள் காலையில் பனவடலிக்குப் போனேன். கடைக்காரர் சாவியைக் கொடுத்தார். இடுப்பில் பெல்ட்டை மாட்டிக் கம்பத்தில் ஏறினேன். காதில் இயர்போன். நாலா பக்கமும் கரிசல் காடு. தூரத்தில் காற்றாலைகள் ஏதோ கடமைக்குச் சுற்றிக்கொண்டிருந்தன. அவள் லைனில் வந்தாள். பெரியவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியாகிவிட்டது, சின்னவன் தூங்குகிறான் என்றாள்.

"ம், திருப்புங்க."

திருப்பினேன். எண்பத்தி நாலு என்றாள். எழுபத்தி ஒன்பது என்றாள். எழுபத்தி மூன்றில் நின்றது. எந்தப் பக்கம் திருப்பினாலும் கூடியது. முறுக்கட்டுமா என்றேன்.

"இது அது இல்ல. இன்னும் திருப்புங்க."

அந்தக் குரலை அந்தக் கம்பத்தின் மேலே எத்தனையோ காலம் கழித்துக் கேட்டேன். கண் கலங்கிவிட்டது. துடைக்கக் கை காலியில்லை. திருப்பினேன். நம்பர் ஏறி, பிறகு மடமடவென்று இறங்கியது. "அறுவத்தி ஆறு... அறுவத்தி ஒண்ணு..." குரல் தணிந்தது. "அம்பத்தொம்பது... அம்பத்தெட்டு. அப்படியே நிறுத்துங்க." எங்கள் தொழிலில் பனவடலிக்கு இவ்வளவு நல்ல நம்பர் வந்ததே இல்லை.

இனி போல்ட்டை முறுக்க வேண்டும். முறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. அவள் போனை வைத்துவிடுவாள். அடுத்த ஆனி வரைக்கும் இந்த டிஷ்ஷுக்கு அவள் தேவையில்லை.

டிஷ்ஷைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளினேன்.

"அறுவத்தி மூணு. ஏன், என்னாச்சு?"

"கை நழுவிட்டு."

திரும்பக் கொண்டுவந்தேன். ஐம்பத்தெட்டு என்றாள். மறுபடி இந்தப் பக்கம் தள்ளினேன். அறுபத்தைந்து என்றாள். எழுபது என்றாள். பிறகு நம்பர் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

"வேணும்னே திருப்புதியளா?"

ஸ்பேனரைப் பெல்ட்டில் செருகினேன்.

"டிஷ்ஷை விடுங்க. நீங்க எவ்வளவு?"

அறுபது என்று வாய் வரைக்கும் வந்தது. ஒவ்வொரு ராத்திரியும் சொல்லிச் சொல்லிப் பழகிய நம்பர். கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எம்பத்தெட்டு" என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சின்னவன் எழுந்துவிட்டான் போலிருக்கிறது, சிணுங்கினான். அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டிருப்பாள். அழுகை அடங்கியது. லைன் அறுந்துவிட்டதோ என்று பயந்தேன்.

"சரி. அதை மொதல்ல அம்பத்தெட்டுக்குக் கொண்டாங்க" என்றாள். "நான் லைன்லயேதான் இருக்கேன்."

வருகிறேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டிஷ்ஷைத் திருப்பி அதே இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தி, ஸ்பேனரை எடுத்தேன். அவள் பிள்ளையைத் தட்டிக்கொண்டே தணிந்த குரலில் சொல்ல ஆரம்பித்தாள். "அம்பத்தெட்டு... அம்பத்தெட்டு... அம்பத்தெட்டு..." கடைசி போல்ட் இறுகும் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

நான்கு போல்ட்டையும் மெதுவாகத்தான் முறுக்கினேன்.