பூஜைக்கு வைத்த துப்பாக்கி

பழைய ஆயுதம் சேர்க்கிறவனுக்குத் தைரியம் ஜாஸ்தி என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருந்தது. நானும் அதைக் கலைக்கவில்லை. கோழி அறுக்கும்போது நான் தோட்டத்துப் பக்கம் போய்விடுவேன் என்பது என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

எழுபதுகளில், பாலக்காட்டுக்குக் கிழக்கே எங்கள் வீட்டு நடு அறையில் நாலு வாள், ஒரு கட்டாரி, காம்பு உளுத்த வேல், தோல் கிழிந்த கேடயம் எல்லாம் இருந்தன. பெரும்பாலும் சந்தையில் பழைய இரும்பு விற்கிறவர்களிடம் வாங்கியவை. எதைக் கையிலெடுத்தாலும், "மைசூர்ப் பட்டாளம் உட்டுட்டுப் போனதுங்க" என்பார்கள். அப்படிப் பார்த்தால் மைசூர்ப் பட்டாளம் வெறுங்கையோடுதான் ஊர் திரும்பியிருக்க வேண்டும்.

சாயங்காலம் வயலிலிருந்து வந்ததும் தேங்காயெண்ணெய்த் துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பேன். ஒரு வாளின் நடுவே விரல் அகலத்துக்குப் பள்ளம் ஓடும். அதில் விளக்கு வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

"கட்டுன பொண்டாட்டிய ஒரு நா இப்படிப் பாத்திருப்பீங்களா?" என்பாள் மனைவி.

பார்த்திருக்கிறேன். ஆனால் அவள் திரும்பிப் பார்ப்பாள். வாள் பார்க்காது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு துப்பாக்கி. குழல் வாயில் மருந்தை இடித்து, கல்லில் பொறி தட்டிச் சுடுகிற பழைய ரகம். பீர்மேட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது வாங்கி, ஏலக்காய்ச் சாக்கில் சுருட்டி பஸ்ஸில் கொண்டுவந்தேன். விசைக்குப் பக்கத்தில் பித்தளையில் ஒரு கொடியும் இலையும் செதுக்கியிருக்கும். ஆளைக் கொல்கிற சாமானுக்கு இலை எதற்கு என்று யோசித்தே பல சாயங்காலங்கள் போயிருக்கின்றன. அது கடைசியாக வெடித்தது என் தாத்தா பிறப்பதற்கு முன்னால் இருக்கும். லைசென்ஸ் கிடையாது.

அவசரநிலை வந்தது. லைசென்ஸ் இல்லாத ஆயுதத்தை ஸ்டேஷனில் கொடுத்துவிட வேண்டும், பிடித்து உள்ளே போட்டால் எப்போது விடுவார்கள் என்று கேட்கக்கூட முடியாது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அதையும் மெதுவாகத்தான் பேசினார்கள். நாளைக்குக் கொடுக்கலாம், நாளைக்குக் கொடுக்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனதில் ஆயுத பூஜை வந்துவிட்டது.

எங்கள் பக்கம் அஷ்டமி சாயங்காலமே பூஜைக்கு வைத்துவிடுவோம். வைத்ததை விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. அரிவாள், மண்வெட்டி, புத்தகம், பேனா எல்லாம் அதுவரை சாமிக்குச் சொந்தம். நடுவில் ஒரு எழுத்துக்கூட எழுத மாட்டார்கள். நிஜமான ஆயுதம் இருக்கிற வீட்டில் வெறும் மண்வெட்டிக்கா பூஜை என்று கேட்டு, என் சேகரிப்பு முழுவதையும் நானே வரிசையாக அடுக்கினேன். மனைவி சந்தனம், குங்குமம் வைத்தாள். துப்பாக்கிக்குச் செவ்வந்தி மாலை.

மறுநாள் மத்தியானம் வாசலில் சைக்கிள் மணி. எட்டிப் பார்த்தால், ஏட்டு.

"ஏ புள்ள, துப்பாக்கிய எடுத்து நெல்லுக் குதிருக்குள்ள போடு!"

"பூசைக்கு வெச்சதுங்க. தொடக் கூடாது."

"போலீஸ் வந்திருக்குது!"

"சாமியும் வந்திருக்குதுங்க."

நான் ஓடிப்போய் ஆயுதங்களுக்கு முன்னால் நின்றேன். என் உடம்பு அகலத்துக்கு இரண்டு வாளைத்தான் மறைக்க முடிந்தது.

ஏட்டு பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கண்ணை மூடிக் கும்பிட்டார். குங்குமம் எடுத்து இட்டுக்கொண்டார். அதற்கப்புறம்தான் போலீஸ் ஆனார்.

"கவுண்டரே, ஒரு மொட்டைக் கடுதாசி வந்திருக்கு. அது தோக்குதானே?" அவர் மலையாளி. துப்பாக்கி அவருக்குத் தோக்கு.

"அது துப்பாக்கியே இல்லீங்க. இருந்தாலும் என்னுது இல்லீங்க. என்னுதா இருந்தாலும் சுடாதுங்க."

"மூணையும் எழுதணுமா? ஒண்ணு போதுமா?"

என்ன சாமான், யார் வீட்டில் இருந்தது என்று அந்த இடத்திலேயே மகசர் எழுதித்தான் எடுத்துப் போக முடியுமாம். சட்டைப் பைக்குக் கையைக் கொண்டுபோனார். பை காலி.

"பேனாவைப் பூஜைக்கு வச்சாச்சு," என்றார், தனக்குத்தானே.

"நம்மகிட்ட இருக்குதுங்க!" என்று பாய்ந்தேன். என்னைக் கைது பண்ண நானே பேனா எடுத்துக் கொடுக்கப் போனேன். அதுவும் பூஜையில் வைத்த பேனா.

"ஏனுங்க, கை!" என்றாள் மனைவி.

"அய்யோ, தொடண்டா, தொடாதீங்க!" என்றார் ஏட்டு.

இருவரும் ஒரே குரலில் அதட்டியதில் நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். ஏட்டு காலிப் பையை இன்னொரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"இன்னிக்கு எழுதவும் கூடாது, எடுக்கவும் கூடாது. நாளைக் காலை வரைக்கும் தோக்கு தேவியோட கஸ்டடியில் இருக்கட்டும். நீங்க என்னோட கஸ்டடி. எங்கயும் போகாதீங்க."

மனைவி சுண்டல் கொடுத்தாள். உப்புக் கொஞ்சம் கம்மி என்று சொல்லிவிட்டுப் போனார்.

"கெணத்துல போட்றலாமா?" என்றேன் அவர் போனதும்.

"போடுங்க. நாளைக்கு அவரு கேட்டா, சாமி எடுத்துட்டுப் போயிருச்சுன்னு நாஞ் சொல்லமாட்டேன்."

ஜெயிலுக்கு என்று ஒரு பை கட்டினேன். இரண்டு வேட்டி, துண்டு, தலையணை. அவள் தலையணையை எடுத்துவிட்டு நார்த்தங்காய் ஊறுகாயை வைத்தாள். அவளும் பயந்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

காலையில் பூஜை எடுத்ததும் ஏட்டு வந்துவிட்டார். வெள்ளைத் தாளை விரித்தார். பேனாவைத் திறந்தார். எழுதவில்லை.

"விஜயதசமி. வருஷத்தோட முதல் எழுத்து. அதில ஒரு ஆளை உள்ளே போட எழுதினா எனக்கு உருப்படுமா?" தாளை என் பக்கம் தள்ளினார். "நீங்க எழுதுங்க. பழைய சாமான், என் இஷ்டப்படி ஒப்படைக்கிறேன்னு. அப்ப மகசரும் வேண்டாம், கேசும் வேண்டாம்."

"திரும்பி வருமுங்களா?"

"கவுண்டரே, நீங்க வெளியே இருக்கறது போதாதா?"

நான் யோசிப்பதைப் பார்த்த மனைவி, பேனாவை என் விரலுக்குள் திணித்தாள். பிள்ளையார் சுழி போட்டு எழுதிக் கொடுத்தேன்.

வாள்களைப் பார்த்து, "இதெல்லாம் பூஜைச் சாமான்" என்று ஏட்டே முடிவு செய்தார். துப்பாக்கியைச் சைக்கிள் பாரில் கட்டினோம். பின்கட்டை நீட்டிக்கொண்டு ஆடியதால் நான் பிடித்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று. சந்தனமும் மாலையும் அப்படியே இருந்தன. சாமிக்குப் போட்ட மாலையைப் போலீஸ் கழற்றக் கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள். வழியில், வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். ஏட்டுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சல்யூட் அடித்தார்.

வாய்க்கால் பாலம் வந்ததும், "போதும், விடுங்க" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் விட்டேன்.