எண்ணூரில் தண்ணீர் ஏறிய பிற்பகல்

சரியாக மூன்றேகால் மணிக்கு என் மகளின் பாவாடை ஓரம் நனைந்தது. கரையிலிருந்து அதைப் பார்த்தேன். அலை தெறித்திருக்கும் என்று சும்மா இருந்துவிட்டேன்.

நாங்கள் திருமுல்லைவாயில்காரர்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஏரித் தண்ணீர்தான். மழை பெய்தால் ஏறும், வெயில் அடித்தால் இறங்கும். போன சித்திரையில் ஏரி வெறும் சேறாகிவிடவே, தூண்டில் பைத்தியம் பிடித்த நானும் என் மச்சானும் பன்னிரண்டு வயது மகளும் ரயிலேறி எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனோம். பாரை மீன் குட்டிகள் கரையோரம் வரும் காலம். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஆனால் கன்றுக்குட்டியைக் கயிற்றில் பிடித்த மாதிரி இழுக்கும்.

ஏரியில் தூண்டிலைச் சேற்றில் ஊன்றிவிட்டுச் சோறு தின்போம். கெண்டை யோசித்து யோசித்துத்தான் கடிக்கும். அதே பழக்கத்தில் மச்சான் மணலில் ஊன்றிய கழியை, வந்த முதல் பாரையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

"கையில புடி மாமா, இது ஏரி இல்ல," என்றாள் மகள்.

"மீனுக்கு இன்னா அவசரமோ. ரயிலப் புடிக்கப் போவுது போல," என்றான் மச்சான்.

தண்ணீருக்கு நடுவே வெள்ளையாய் ஒரு மணல் திட்டு. கணுக்கால் தண்ணீரில் நடந்தே போகலாம். அங்கே மீன் துள்ளியது. போகட்டுமா என்று கேட்டாள், போ என்றேன். தூண்டிலும் கூடையுமாக நடந்தாள். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. அப்படிப்பட்ட கோடைப் பகலில் தண்ணீர் ஏறும் என்று எங்கள் ஊரில் யாருக்குத் தோன்றும்? கடல் தினமும் ஏறி இறங்குவதைப் பள்ளியில் படித்தவன்தான் நான். அது பரீட்சைக்கு உதவியது.

அவள் பாவாடையைத் தூக்கிச் செருகியபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். திட்டு ஒரு பாய் அகலத்துக்குச் சுருங்கியதும் எழுந்தேன். எங்களுக்கும் அவளுக்கும் நடுவே கடல் தண்ணீர் பச்சையாக உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. தூண்டிலைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டு இறங்கினேன். நாலடி வைப்பதற்குள் இடுப்பளவு. காலை வாரியது. மச்சான் என் வேட்டியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டான்.

"நீயும் போனா ரெண்டு பேரத் தேடணும். குந்து மாமே," என்று சொல்லிவிட்டுப் படகுகள் கிடந்த பக்கம் ஓடினான்.

தொண்டை கிழியக் கத்தினேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தோள் மட்டும் குலுங்கிக் குலுங்கி ஆடியது. அழுகிறாள் என்று நினைத்தேன். அவள் அம்மா முன்னால் எப்படிப் போய் நிற்பேன்? தெரிந்த சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

மச்சான் ஏறிய படகு திட்டுக்குப் போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. ஏன் இன்னும் ஏற்றவில்லை என்று புரியாமல் கரையில் நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி நடந்தேன். ஒருவழியாகத் திரும்பி வந்தது.

"மீனு கடிக்கறப்ப வரமாட்டேன்றா மாமே," என்று படகிலிருந்தே கத்தினான் மச்சான். படகுக்காரர் சிரித்தார்.

அவள் இடுப்புவரை நனைந்து இறங்கினாள். கூடையில் பாரைகள் படபடத்தன. அவள் தலையைத் தொட்டுப் பார்த்தேன், காதைத் தொட்டுப் பார்த்தேன். அவளோ படகுக்குள் குனிந்து ஒரு மூங்கில் கழியை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இந்தா நைனா, உன் தூண்டி. மெதந்துகினு என்னாண்ட வந்துச்சி. முள்ளுல மீனு வேற கீது, பாத்து எடு."