பச்சைக்கு மேல் நீலம்

“கீறிப் பாருங்கள்” என்று சொல்லி விற்பனைப் பொடியன் என் கையில் ஒரு திறப்பை, பழைய சாவி ஒன்றைத் தந்தான். ரொறன்ரோவின் கிழக்கே, நெடுஞ்சாலையோரம் கண்ணாடிச் சுவர் போட்ட ஒரு கார் விற்பனை நிலையம். மேசையில் ஒரு காரின் முன்மூடியை, பொனற்றைக் கழற்றி வைத்திருந்தார்கள். ஒரு பாதியில் வெறும் பெயின்ற். மற்றப் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிலிம் ஒட்டியிருந்தது. கீறினால் பிலிமில்தான் படும், பெயின்றுக்கு ஒன்றும் ஆகாது என்பதை வாடிக்கையாளரே செய்து பார்க்க வேண்டுமாம். என் கை எழும்பவில்லை. திறப்பின் பல் உள்ளங்கையில் அழுந்த அழுந்த அப்படியே நின்றேன்.

நாற்பத்து மூன்று வயதில் நான் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருந்தேன். இரண்டே இரண்டு இருக்கை. பத்தொன்பது வருடமாக ஆஸ்பத்திரி சலவைப் பகுதிக்கு ஒரு சாம்பல் நிற வான் வண்டியில் போய் வந்தவள், ஒரு பிரயோசனமும் இல்லாத ஒன்று எனக்கென்று இருக்கட்டும் என்று முடிவெடுத்தேன். என்ன நிறம் என்றபோது யோசிக்காமல் சிவப்பு என்றேன். நீலமும் இருந்தது. அந்தப் பக்கம் நான் திரும்பவே இல்லை. கார் வந்து சேர இரண்டு கிழமை இருந்தது; அதற்குள் பெயின்றை எதனால் காப்பது என்று நான் சொல்லியாக வேண்டும். முன்பக்கத்துக்குப் பிலிம் ஒட்டலாம், முழுக் காருக்கும் ஒரு திரவத்தைப் பூசி இறுக வைக்கலாம், ஒன்றும் செய்யாமலும் விடலாம். குளிர்காலத்தில் தெருவுக்குப் போடுகிற உப்பைப் பற்றி அந்த விற்பனைப் பொடியன் டேரன் நிறையச் சொன்னான். “உங்கள் நாட்டில் தெருவுக்கு உப்புப் போடுவார்களா?” என்று கேட்டான். எங்கள் ஊரில் உப்பு காற்றிலேயே இருக்கிறது என்றேன். அவன் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தான்.

பிறகு நான் ஒரு கேள்வி கேட்டேன். “இதை ஒருநாள் உரித்தால், கீழே என்ன இருந்தது என்று கண்டுபிடிக்கலாமா?” அவன் என்னை ஆறுதல்படுத்தும் குரலில், “கவலைப்படாதீர்கள் மேடம். அங்கே ஏதாவது இருக்கிறது என்றே ஒருவருக்கும் தெரியவராது” என்றான். நல்ல மனத்தோடு சொன்ன பதில்தான். அதற்குத்தான் நான் பயந்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று திறப்பை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்து, வான் வண்டிக்குள் அரை மணித்தியாலம் சும்மா இருந்தேன்.

திருகோணமலையில் எங்கள் வீடு உட்துறைமுகத்துக்குக் கிட்ட. எங்கள் அண்ணன் தவத்திடம் ஒரு பழைய மொரிஸ் மைனர் இருந்தது. அதை வைத்துத்தான் அவன் வாடகைக்கு ஹயர் ஓடினான். தம்பலகாமத்துக்கு விதைநெல்லோடு போகிறவர்கள், இறக்கக்கண்டியில் செத்தவீட்டுக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைப்பேறுக்குப் போகிறவர்கள் என்று எல்லோரும் அந்தக் காரில்தான். நிறம் பச்சை. துறைமுகக் காற்று அதைத் தின்றுகொண்டிருந்தது. கதவின் அடிப்பக்கம் பெயின்ற் பொருமி, தட்டினால் மண்ணிறத் தூள் கொட்டும். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஒரு கப்பல் முகவர் கந்தோரில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன், சிங்களமும் ஓரளவு பழகியிருந்தேன். எனக்குக் கலியாணம் பேசி, தம்பலகாமத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது.

“இந்தத் துருக்காரிலையோ அவையளைக் கூட்டிக்கொண்டு வரப்போறியள்?” என்று அண்ணனை நான்தான் நச்சரித்தேன். நிறத்தைத் தெரிவுசெய்ததும் நான்தான். சுனில் அண்ணையின் பட்டறையில் கிடந்த நிற அட்டையைப் புரட்டி, ஒரு நீலத்தில் விரலை வைத்தேன். சுனில் சிங்களவர், ஊரில் பாதி வாகனங்களுக்கு அவர்தான் பெயின்ற் அடித்தார். “கார்ப் புத்தகத்திலை பச்சை எண்டு பதிஞ்சிருக்கு, தங்கச்சி” என்று தனக்குத் தெரிந்த தமிழில் அவர் சொன்னார். அண்ணன், “வாற திங்கட்கிழமை கச்சேரிக் கந்தோருக்குப் போய்ப் பதிவை மாத்துவன்” என்றான். புதன்கிழமை காரை விட்டு, சனிக்கிழமை எடுத்தோம். துருப்பிடித்த இடங்களுக்குப் பட்டிப் பசை வைத்து அடைத்து, உரஞ்சி, இரண்டு தரம் பூசியிருந்தார். பார்க்க ஆசையாக இருந்தது.

ஞாயிறு காலை புதுக் காரில் கோயிலுக்குப் போகலாம் என்று நானும் அண்ணனும் வெளிக்கிட்டோம். சந்தியில் இருந்த சோதனைச்சாவடியில் எங்களைத் தினமும் காண்கிற படையாட்கள்தான் நின்றார்கள். ஒருவன் புத்தகத்தை வாங்கிப் பார்த்தான். பிறகு கதவில் விரலை வைத்துத் தேய்த்து, அந்த விரலை மூக்கில் வைத்து மணந்தான். மற்றவனைக் கத்திக் கூப்பிட்டான். அவர்கள் சிங்களத்தில் பேசியது எனக்கு விளங்கியது. அதற்கு முந்திய திங்கட்கிழமை ஊருக்கு வடக்கே குண்டு வெடித்த இடத்திலிருந்து ஒரு பச்சைக் கார் ஓடித் தப்பியிருக்கிறது. ஓடிய காரின் மேல் படையினர் சுட்டிருக்கிறார்கள். சூட்டு வெடி பட்ட அந்தக் காரைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். பச்சையை மறைத்து நீலம் பூசிய கார் ஒன்று, பட்டி மணம்கூடப் போகாமல், அவர்கள் காலடியில் வந்து நின்றிருந்தது.

அண்ணனை இறக்கினார்கள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்து, “நீ வீட்டை போ பிள்ளை. அம்மாட்டைச் சொல்லு, பின்னேரம் வந்திடுவன் எண்டு” என்றான். கோயிலுக்குக் கொண்டுபோன தேங்காயோடு நான் நடந்து வந்தேன். பின்னேரம் அவன் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. இராணுவ முகாம் வாசலில் நானும் அம்மாவும் வெயிலில் நின்றோம். உள்ளே இருக்கிறான் என்றும் சொல்ல மாட்டார்கள், இல்லை என்றும் சொல்ல மாட்டார்கள். அப்படிப் போன எத்தனையோ பேரின் தாய்மார் எங்களுக்கு முன்னமே அந்த இடத்தில் நின்றிருக்கிறார்கள். நிறம் மாற்றச் சொன்னவள் நான் என்பதைப் பற்றி அம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை சுனில் அண்ணையின் பட்டறைக்கு ஓடினேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவருடைய மனைவி கதவடியில் நின்று, எனக்கு விளங்காது என்று நினைத்தோ என்னவோ, “நீங்கள் போனால் உங்களையும் பிடிப்பார்கள். காரை மறைத்துக் கொடுத்தவன் என்பார்கள்” என்று அவரிடம் சிங்களத்தில் சொன்னாள். அது உண்மைதான். சுனில் அண்ணை ஒரு வாளியையும் உரஞ்சுகிற கடதாசியில் நாலைந்து தாள்களையும் எடுத்தார். “வாங்க, தங்கச்சி. நான் அடைச்சதை நானே திறந்து காட்டவேணும்” என்றார்.

முகாமின் வெளிமுற்றத்தில் எங்கள் கார் நின்றது. ஒரு அதிகாரி கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். சுனில் அவரிடம், நான் பூசியது துருவுக்குத்தான் ஐயா, உள்ளே ஒரு வெடி பட்ட அடையாளமும் இல்லை, நீங்கள் காட்டும் இடத்தை உரஞ்சிக் காட்டுகிறேன் என்றார். அதிகாரி காலால் பின்கதவைக் காட்டினார். சுனில் குந்தியிருந்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து உரஞ்சத் தொடங்கினார். நீலத் தண்ணீர் வடிந்தது. பிறகு பட்டியின் சாம்பல். அதைச் சுற்றிப் பழைய பச்சை.

அந்த நேரத்தில்தான் எனக்குள் அந்தச் சந்தேகம் வந்தது. குண்டு வெடித்த அந்தத் திங்கட்கிழமை அண்ணன் வடக்கே இறக்கக்கண்டிக்கு ஹயர் போயிருந்தான். வழக்கத்தைவிடப் பிந்தி வந்தான். வந்து ஒன்றும் கதைக்காமல் கிணற்றடிக்குப் போய்க் குளித்தான். யாரை ஏற்றினான் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இரண்டு நாளில் காரைப் பட்டறைக்கு விட ஒப்புக்கொண்டான். அவ்வளவு காலமும் “பாப்பம், பாப்பம்” என்று இழுத்தவன். என் நச்சரிப்புக்குத்தான் மசிந்தான் என்று நான் நினைத்திருந்தேன். சுனிலின் கை போய்வரப் போய்வர, என் அண்ணனை எனக்குத் தெரியுமா என்று மனம் கேட்டுக்கொண்டேயிருந்தது.

பட்டி கரைந்து ஒரு ஓட்டை தெரிந்தது. விரல் நுழையும் அளவு. வட்டமாக இருந்தது.

கதிரையிலிருந்து அதிகாரி எழும்பினார். சுவரோரம் நின்ற படையாள் துவக்கை மறுகைக்கு மாற்றிய சத்தம் கேட்டது. சுனில் அண்ணை மட்டும் அவசரப்படவில்லை. நகத்தை ஓட்டையின் விளிம்பில் வைத்து மெல்ல அழுத்தினார். விளிம்பு பிஸ்கட் மாதிரி உடைந்து விழுந்தது. உள்ளங்கையில் மண்ணிறத் தூளை ஏந்தி அதிகாரியிடம் நீட்டி, “வெடி பட்டால் தகடு உள்ளுக்கு வளையும், ஐயா. விளிம்பு கையை வெட்டும். இது உப்புத் தின்றது” என்றார். அதிகாரி தன் பேனையால் குத்திப் பார்த்தார். தகடு இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது. அவர் குத்திய இடமெல்லாம் உதிர்ந்தது. பேனையைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த நாள் மத்தியானம் அண்ணனை விட்டார்கள். நடந்து வந்தான். இடது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் அவன் திரும்புவதில்லை என்பதை இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தோம். உள்ளே என்ன நடந்தது என்று அவன் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பிறகு வரவேயில்லை. சுனில் அண்ணை சில மாதங்களில் பட்டறையைப் பூட்டிவிட்டு மனைவியின் ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். படையா இயக்கமா, எந்தத் தரப்பு அவரை வெருட்டியது என்று ஒருவருக்கும் தெரியாது. அவருக்கு ஒழுங்காக ஒரு நன்றிகூட நான் சொல்லவில்லை. அந்த வருட முடிவுக்குள் நான் இங்கே வந்துவிட்டேன். அந்த முற்றத்தில் எனக்கு வந்த சந்தேகத்தையும் கூடவே கொண்டுவந்தேன்.

டேரனுக்கு முடிவு சொல்லவேண்டிய சனிக்கிழமை, இங்கே காலை, அங்கே மாலை, அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஊரில் மறுபடியும் சண்டை தொடங்கியிருந்த நேரம். தொலைபேசி அடிக்கிற ஒவ்வொரு முறையும், எடுக்க ஆள் இருக்க வேண்டுமே என்று மணியை எண்ணுவேன்.

“பொறு, மற்றக் காதிலை வைக்கிறன்” என்றான். “சுகமா இருக்கிறம். அக்கரையிலை சம்பூர்ச் சனம் ஊரைவிட்டு வெளிக்கிட்டிட்டுதாம். நீ யோசியாதை. என்ன விசயம்?”

கார் கதையைச் சொன்னேன். பெயின்றுக்கு மேல் பிலிம் ஒட்டுகிறார்களாம், இல்லாவிட்டால் தண்ணி மாதிரி ஒன்றைப் பூசி இறுக வைக்கிறார்களாம் என்றேன். அவன் நெடுநேரம் சிரித்தான். அந்தச் சிரிப்பு முடிய முன்னம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

“அண்ணா, அண்டைக்குச் சுனில் அண்ணை கதவை உரஞ்சேக்கை ஒரு ஓட்டை தெரிஞ்சதெல்லே. அப்ப நான்... நீங்கள் செய்திருப்பியளோ எண்டு நினைச்சுப்போட்டன்.”

மறுமுனையில், எங்கோ தூரத்தில் கனமான பொருள் ஒன்று விழுந்தது போல ஒரு ஒலி வந்தது.

“அது இங்கையில்லை, ஆமிக்காரன் அடிக்கிற செல் அங்காலை விழுகுது” என்றான் அண்ணன். பிறகு சொன்னான்: “எனக்குத் தெரியும், பிள்ளை. என்னை முற்றத்துப் பக்க யன்னலடியிலைதான் இருத்தி வைச்சவங்கள். உன்ரை முகத்தைப் பாத்தனான்.”

“உங்களுக்குக் கோவம் வரேல்லையோ?”

“என்னத்துக்குக் கோவம்? மூண்டு நாளா நீதான் செய்தனி, நீதான் செய்தனி எண்டு அவங்கள் சொல்லக் கேட்டுக்கேட்டு, அந்த ஓட்டையைக் கண்ட உடனை எனக்கே என்னிலை சந்தேகமாப் போச்சு.”

நான் அழுதேன். அவன் அழவிட்டான். கொஞ்ச நேரத்தால், “அது சரி, அந்தப் பிலிமை உரிச்சால் உள்ளுக்கு அதே சிவப்புத்தானே?” என்று கேட்டான்.

“ஓம்.”

“அப்ப ஒட்டு. அந்தத் தண்ணி மாதிரிப் பூசுறது வேண்டாம்.”

பிலிம் ஒட்டச் சொல்லிவிட்டேன். கார் வந்த அன்று டேரன் அதைச் சுற்றி நடந்து, ஒட்டிய ஓரங்களைப் பெருமையோடு காட்டினான். வெயிலில் சிவப்பு பளபளத்தது. ஏறி ஓட்டிப் பாருங்கள் என்று திறப்பைத் தந்தான். நான் போய்க் கதவைத் திறந்து, ஏறி, கதவைச் சாத்தி, இருக்கைப் பட்டியையும் இழுத்துப் போட்டுக்கொண்டேன். பிறகுதான் முன்னால் பார்த்தேன். ஸ்டியரிங் இல்லை. பத்தொன்பது வருடம் இந்த நாட்டில் இடப்பக்கம் இருந்து வண்டி ஓட்டியவள், அன்று வலப்பக்கக் கதவால் ஏறி, எங்கள் ஊரில் ஓட்டுகிறவர் இருக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். டேரன் வெளியே நின்று, வேறு யாராவது ஓட்ட வருகிறார்களா என்று பின்னால் திரும்பிப் பார்த்தான்.